குவியல் இல்லாத மேஜை

ராமருக்குப் பொறுமை என்ற சமாச்சாரமே கிடையாது. சாயா ஆறும்வரைகூடக் காத்திருக்காமல் நாக்கைச் சுட்டுக்கொள்கிற ரகம். அப்பேர்ப்பட்ட மனுஷனைக் கொண்டுபோய், ஆலுவாவுக்கு அப்பால் ஒரு குன்றின்மேல் இருக்கிற காசநோய் ஆஸ்பத்திரியில், ஒரு வருஷம் கட்டிலிலேயே கிட என்று போட்டுவிட்டார்கள். எழுபத்தெட்டாம் வருஷம், மழை முடிந்த சமயம்.

டாக்டர் அவன் பெண்டாட்டி ஒச்சம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு விளங்கும்படியே சொன்னார். மருந்து வேலை செய்கிறது. ஆனால் பாதியில் விட்டால் நோய் திரும்பும், திரும்புகிற நோய் இந்த மருந்துக்கு மசியாது. ஒச்சம்மாள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். முதல் மாதம் முடிவதற்குள் ராமர் ஓடிவிட்டான். ரயில் நிலையத்திலேயே ஆள் அகப்பட்டுக்கொண்டான். உடுத்தியிருந்த வேட்டியில் ஆஸ்பத்திரி முத்திரை ஊதா மையில் பளிச்சென்று இருந்தது. அதை மறைக்கவேண்டும் என்கிற புத்திகூட அவனுக்கு வரவில்லை.

ஓடியதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வாரம் ஒச்சம்மாள் பார்க்க வரவில்லை, அவ்வளவுதான்.

"ஒரு பிராவசியம் சமிச்சு," என்றாள் நர்ஸ் கமலாக்ஷி. இந்த ஒருமுறைக்கு மன்னிப்பு என்று அர்த்தம். "இனி போயால் கட்டில் வேற ஆளுக்கு. வராந்தாவில் எத்தர பேர் கிடக்குந்நு, கண்டில்லே?"

ஒச்சம்மாள் பார்த்தாள். வராந்தா நெடுக ஆட்கள் பாயில் கிடந்து கட்டிலுக்குக் காத்திருந்தார்கள். அவள் உள்ளே போய்ப் புருஷன் முன்னால் நின்றாள்.

"வாராவாரம் நான் வருவேன். மருந்து முடியிறவரைக்கும் நீ கிடக்கணும்."

"நீ வராட்டி?"

"அதான் வருவேன்னு சொல்றேன்ல."

"வந்தா கெடக்கேன்," என்றான் ராமர். பேரம் முடிந்தது. அதில் ஒரே சிக்கல், அந்த வார்டில் வெளியாட்களை விடுவது வியாழக்கிழமை பிற்பகல் மட்டும். ஒச்சம்மாள் வேலை செய்கிற ஷெட்டுக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை மட்டும். இரண்டையும் ஏற்பாடு செய்தவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

ஷெட் மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னால், சுக்கு கோடௌன்களை ஒட்டிய சந்தில் இருந்தது. கப்பலில் போகிற தேயிலைக்குப் பெட்டி செய்கிற இடம். ஆண்கள் பிளைவுட் பலகையைச் சட்டத்தில் வைத்து ஆணி அடித்துப் பெட்டியாக்குவார்கள். பெண்கள் அதற்குள் கப்பைக்கிழங்கு மாவுப் பசை தடவி ஈயத்தாள் ஒட்டுவார்கள். பிறகு விளிம்பில் தகரப்பட்டை அடித்து, வெளியே கம்பெனிப் பெயரை எழுதினால் பெட்டி தயார். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்தான் முக்கால்வாசி. ராமரும் அங்கே ஆணி அடித்தவன்தான். ஷெட்டிலேயே கைவேகம் அவனுக்குத்தான் அதிகம், சந்தேகமில்லை.

அங்கே ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொருவரும் முடித்த பெட்டியைத் தன் பக்கத்தில் குவித்து வைப்பார்கள். அடுத்த வேலைக்காரர் அந்தக் குவியலிலிருந்து எடுத்துக்கொள்வார். யாருக்காவது வெளியே போகவேண்டியிருந்தால், முந்தைய நாட்களில் கொஞ்சம் இழுத்துப் பிடித்து வேலை செய்து குவியலை உயர்த்திவிட்டுப் போகலாம். ஆள் இல்லாதபோது குவியல் ஆளுக்குப் பதில் நிற்கும். 'குவியல் வச்சுட்டுப் போறது' என்று அதற்குப் பேர். அங்கம்மாள் மகளின் பிரசவத்துக்குக் குவியல் வைத்துவிட்டுப் போனாள். ஆணி அடிக்கிற பிச்சைமணி கள்ளுக்கடைக்கே குவியல் வைத்துவிட்டுப் போவான். ஒச்சம்மாள் வியாழக்கிழமைக்கு வைத்தாள். காலையில் படகுத்துறை ஜெட்டியில் போட் பிடித்து எறணாகுளம் இறங்கி, பஸ் ஏறி ஆலுவா போய், அங்கிருந்து குன்று ஏறினால் மூன்று மணிக்குப் புருஷன் முகம். யாருக்கும் நஷ்டமில்லை.

நஷ்டம் தேயிலைக் கம்பெனிக்கு. பெட்டி கேட்டுச் சொல்லி அனுப்பினால் பத்து நாள், பன்னிரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் கப்பல் போய்விடும். அப்போதெல்லாம் மானேஜர் வெங்கிடராமன் கடைசி இரண்டு நாள் ஷெட் வாசலில் குறுக்கே நிற்பார். குவியல் வைத்தவள், வைக்காதவள் என்று பார்க்கமாட்டார். எவரும் வெளியே போகக்கூடாது. ராமர் ஓடிய வாரம் நடந்தது அதுதான்.

வெங்கிடராமன் கெட்ட மனுஷர் இல்லை. பெட்டி நேரத்துக்குப் போகவில்லையென்றால் முதலாளி திட்டுவது அவரைத்தான், அது அவர் விதி. தையில் ஒருநாள் அவர் தோப்பும்படியில் இறால் உரிக்கிற ஷெட் ஒன்றைப் பார்த்துவிட்டு, புதுப்படம் பார்த்தவர் மாதிரி முகத்தோடு வந்தார்.

"நம்ம பெட்டி பத்து நாள்ல ஒம்போது நாள் என்ன பண்றது தெரியுமோ? சும்மா உக்காந்துண்டிருக்கு," என்றார் எல்லாரையும் கூட்டி வைத்து. "பிச்சைமணி குவியல்ல கொஞ்ச நாள், அங்கம்மா குவியல்ல கொஞ்ச நாள். வேலை நடக்கறது கொஞ்ச நாழிதான். அங்க பாரு, ஒரு நீள மேஜை. ஒருத்தி கையிலேர்ந்து அடுத்தவ கைக்கு. நடுவுல எதுவும் நிக்கறதில்லை. நாமளும் அப்படி உக்காந்தா நாலு நாள்ல பெட்டி போயிடும்."

எல்லாரும் தங்கள் குவியலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவரே சொன்னார்: "ஆர்டர் முடிஞ்ச நிமிஷம் ஷெட்டைப் பூட்டிடலாம். மிச்ச நாள் உங்களோடது. நானே வாக்குக் குடுக்கறேன்."

ஒச்சம்மாள் மனதில் கணக்கு ஓடியது. திங்கள்கிழமை ஆரம்பித்தால், கொஞ்சம் விரட்டினால், புதன் சாயங்காலம் முடிந்துவிடும். வியாழன் தன்னுடையது. கெஞ்சவேண்டியதில்லை, வாசலில் மானேஜர் நிற்பாரோ என்று எட்டிப் பார்க்கவேண்டியதில்லை. அவளுக்கு அது சாமியே இறங்கி வந்து சொன்ன மாதிரி இருந்தது.

மற்றவர்களுக்கு அப்படி இல்லை. "குவியல் இல்லாட்டி நான் எப்படிடி போவேன் வருவேன்?" என்றாள் அங்கம்மாள். அவள் ஒச்சம்மாளுக்கு மூத்தவள், எதையும் இரண்டுமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவாள்.

"அதான் நாளே மிச்சமாகுதேக்கா. வேலை வெரசா முடிஞ்சா வீட்டுக்குப் போறோம். குவியலைக் கட்டிக்கிட்டு அழுகணுமா?"

"எனக்கு என்னமோ சரியாப் படல."

"உனக்கு எதுதான் சரியாப் பட்டுச்சு. ஒரு மாசம் செஞ்சு பாப்போம்க்கா. எனக்காக."

ஒரு வாரம் இதே பேச்சு. சாயா நேரத்தில் பேசினாள், தண்ணீர் பிடிக்கிற குழாயடியில் பேசினாள். பிச்சைமணியிடம், அண்ணன் கட்டிலில் கிடப்பது உன் சுத்தியல் கையில் இருக்கிறது என்கிற அளவுக்குப் போய்விட்டாள். அவன் ராமரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவான், உறவும் கொஞ்சம் உண்டு. கடைசியில் எல்லாரும் சரி என்றார்கள். கூலியையும் இனி தலைக்குத் தலை பார்க்காமல், மேஜையைவிட்டு எத்தனை பெட்டி இறங்குகிறதோ அதை வைத்து எல்லாருக்கும் சமமாகப் பிரிப்பது என்று பேசி முடித்தார்கள்.

நீள மேஜை வந்தது. பிச்சைமணி அடித்துத் தள்ள, ஒச்சம்மாள் அடியிலும் பக்கப் பலகையிலும் தாள் ஒட்ட, அங்கம்மாள் மூலைகளை அமுக்கி முடிக்க, பெட்டி நகர்ந்துகொண்டே போயிற்று. ஒட்டிய பசை காய மின்விசிறி வைத்தார்கள். முதல் வாரம் கை சிக்கிக்கொண்டு ஆளுக்கு ஆள் வைதுகொண்டார்கள். அடுத்த வாரம் பழகிவிட்டது. உண்மையிலேயே நாலு நாளில் பெட்டி போயிற்று. அப்புறம் மூன்று நாளிலும் போயிற்று.

அந்த மாசி மாதத்து வியாழக்கிழமைகளைப் போல ஒச்சம்மாள் சந்தோஷமாக இருந்ததில்லை. ஷெட் பூட்டியிருக்கும். அவள் மீன் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு, அவசரமில்லாமல் போட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவாள். ராமருக்கு எடை கூடியிருந்தது. கன்னத்தில் சதை தெரிந்தது.

"மானேஜர் சாமி நல்ல ஆளுதான் போல," என்றான் அவன்.

"நல்ல ஆளு. வாக்குக் குடுத்தாருல்ல."

அந்த வாக்கை வெங்கிடராமன் மீறவே இல்லை. ஆர்டர் முடிந்தால் ஷெட்டைப் பூட்டலாம் என்றுதான் சொல்லியிருந்தார். ஆர்டர் முடியாமல் போயிற்று, அவ்வளவுதான். பெட்டி மூன்று நாளில் கிடைக்கும் என்று தெரிந்த கம்பெனிக்காரன் முன்கூட்டிச் சொல்லி வைப்பதை நிறுத்திவிட்டான். கப்பல் கண்ணில் பட்ட பிறகு ஆள் அனுப்பினான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கேட்பான், வெள்ளிக்கிழமை காலை வேண்டும் என்பான். மட்டாஞ்சேரியில் ஒரு ஷெட் இப்படிச் செய்கிறது என்று கேள்விப்பட்டு இன்னும் இரண்டு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். முதலாளி வந்தவர்களுக்கெல்லாம் சரி என்றார். பங்குனியில் ஒரு வியாழன் போயிற்று. சித்திரையில் ஒன்று. வைகாசியில் ஒச்சம்மாள் தொடர்ந்து இரண்டு வாரம் போகவில்லை. ஆலுவாவுக்குப் போகிற லாரிக்காரரிடம் தூக்குச்சட்டியில் சோறு கொடுத்துவிட்டாள். தூக்குச்சட்டி திறக்காமல் திரும்பி வந்தது.

"ஆள் வாசலையே பாத்துக்கிட்டு இருக்காராம். நர்ஸ் சேச்சி சொல்லச் சொன்னாங்க," என்றார் லாரிக்காரர்.

ஒச்சம்மாளுக்கு அன்றைக்கு ஒன்று உறைத்தது. முன்பு அவள் போகாவிட்டால் மானேஜர்தான் தடுத்தார். அவர் கண்ணுக்குத் தப்பிப் போனாலும் அவள் குவியல் அவளுக்காக நின்றிருக்கும். இப்போது வாசலில் யாருமே நிற்கவில்லை. கதவு விரியத் திறந்து கிடக்கிறது. போகத்தான் முடியவில்லை.

அவள் திருட்டுத்தனமாக ஒரு குவியல் வைக்க முடிவு செய்தாள். பிச்சைமணியைப் பிடித்தாள். "சாப்பாட்டு நேரத்துல ரெண்டு மூணு பெட்டி கூடுதலா அடிச்சுக் குடு. நான் ஒட்டி வச்சுக்கிறேன். ஒருநாள் போயிட்டு வந்துர்றேன்."

"சாமி பாத்தா?"

"பாக்காத எடத்துல வைப்போம்."

அவன் மறுக்கவில்லை. எல்லாரும் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கிற நேரத்தில் அவன் அடித்தான், அவள் ஒட்டினாள். பலகை அடுக்குக்குப் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில் பெட்டிகள் சேர்ந்தன. ஒச்சம்மாள் போகிற வருகிற சமயமெல்லாம் தார்ப்பாயை ஒருமுறை தடவிப் பார்ப்பாள். சேர்ந்துகொண்டு வந்தது. புதன்கிழமை வந்தபோது ஒரு நாளைக்குப் போதுமான குவியல் இருந்தது. இன்னும் ஒரு ராத்திரிதான்.

அன்றைக்கு மதியம் மழை பிடித்தது. கூரை எங்கேயோ ஒழுகியது. பலகை நனைகிறதா என்று பார்க்கப் போன வெங்கிடராமன் தார்ப்பாயைத் தூக்கினார்.

அவர் வையப்போகிறார் என்று நினைத்து ஒச்சம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் வையவில்லை. பெட்டிகளைத் தட்டித் தட்டிப் பார்த்தார். உள்ளே தாள் ஒட்டியிருப்பதைக் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"சாப்பாட்டு வேளைல இத்தனையா? ஒச்சம்மா, நீ கெட்டிக்காரிதான். நான் மூணு நாளே கஷ்டம்னு நெனச்சிண்டிருந்தேன். ரெண்டு நாள்ல முடியும்னு நீ காமிச்சுட்டியே."

கைவண்டிக்காரனைக் கூப்பிட்டு அப்போதே எல்லாவற்றையும் ஜெட்டிக்கு ஏற்றிவிட்டார். மழையில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு அவளுடைய வியாழக்கிழமை சந்து முனையில் திரும்பிப் போயிற்று. அவள் பசைக்கையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தி அழவேண்டும் போலிருந்தது, அதற்குள் அடுத்த பெட்டி வந்துவிட்டது.

சாயங்காலம் அவள் மானேஜர் மேஜைக்குப் போனாள். "சாமி, நாளைக்கு ஒருநாள் லீவு வேணும். ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"தாராளமாப் போ. மேஜை போட்டப்பறம் நான் என்னைக்குத் தடுத்தேன்?" என்றார் அவர். பொய்யில்லாமல்தான் சொன்னார். "ஆனா உன் எடத்துல யாரு ஒட்டுவா? நீ எழுந்தா பிச்சைமணி அடிச்சு எங்க வைப்பான்? அங்கம்மா எதை எடுப்பா? நாளைக்கு எல்லாரும் கையைக் கட்டிண்டு உக்காரணும். அவாளை ஒரு வார்த்தை கேட்டுக்கோ. அவா சரின்னா எனக்கும் சரி."

அவள் கேட்டாள். எல்லாரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். பிச்சைமணி தரையைப் பார்த்தான். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆனி மாதம், பள்ளிக்கூடம் திறந்த சமயம், எல்லார் வீட்டிலும் செலவு. ஒருநாள் மேஜை நின்றால் எல்லார் கூலியும் நிற்கும்.

"அக்கா, நீயாச்சும் சொல்லு," என்றாள் ஒச்சம்மாள்.

அங்கம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "போன வாரம் எம் பேத்திக்குக் காச்சல்னு ஆள் வந்துச்சு. நான் போனேனா? எந்திரிக்க முடியாதுன்னு உக்காந்து மூலையை அமுக்கிக்கிட்டுத்தான இருந்தேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "குவியல் வேணாம்னு நீதானடி சொன்ன," என்றாள்.

அவள் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லியிருந்தால் ஒச்சம்மாள் சண்டை போட்டிருப்பாள். வருத்தமாகச் சொன்னாள். ஒச்சம்மாள் மறுநாள் காலையில் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

அதற்கடுத்த வியாழனும் அப்படித்தான். மூன்றாவது வியாழனன்று மழை விட்டுவிட்டுப் பெய்தது. இரண்டு நாள் ஆர்டர், ஆணி அடிக்கிற பக்கத்தில் ஒரு ஆள் குறைவு. வெங்கிடராமன் குட்டி போட்ட பூனையாக அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி ஆயிற்று. இந்நேரம் வார்டுக் கதவைத் திறப்பார்கள் என்று ஒச்சம்மாள் நினைத்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது ஷெட் வாசலில் ராமர் நின்றுகொண்டிருந்தான்.

நனைந்திருந்தான். சிரித்தான். மேஜையில் எல்லாரும் அவனைப் பார்த்துவிட்டார்கள்.

"அண்ணே," என்றான் பிச்சைமணி.

வெங்கிடராமன் இரண்டடி தள்ளி நின்று கேட்டார். "ராமரா? குணமாயிடுத்தா?"

"ஆயிருச்சு சாமி. விட்டுட்டாங்க."

ஒச்சம்மாள் அவன் வேட்டியைப் பார்த்தாள். வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. ஆனால் கட்டு மாறியிருந்தது. கீழே வரவேண்டிய கரை இடுப்பு மடிப்புக்குள் போகும்படி துணியைத் தலைகீழாக உடுத்தியிருந்தான். இடுப்பில் செருகிய இடத்தில் மடிப்புக்கு உள்ளேயிருந்து முத்திரையின் ஊதா மை நனைந்து கசிந்து, விரல் அகலத்துக்குத் தெரிந்தது. இந்தத் தடவை மறைக்கத் தெரிந்திருக்கிறது அவனுக்கு. மருந்து முடிய இன்னும் நாலு மாசம் இருந்தது. இந்நேரம் வராந்தாவிலிருந்து ஒருவனைத் தூக்கி அந்தக் கட்டிலில் போட்டிருப்பார்கள்.

"சுத்தியல் பிடிப்பியோ?" என்றார் வெங்கிடராமன்.

"அதுக்குத்தான சாமி வந்தது."

"அப்போ உக்காரு, உக்காரு. நல்ல நேரத்துல வந்தே." அவருக்கு நிஜமாகவே கண்ணில் நீர் வராத குறை. ஷெட்டிலேயே வேகமான கை திரும்பி வந்துவிட்டது. பிச்சைமணியைக் கொஞ்சம் நகரச் சொல்லி, ராமரை ஒச்சம்மாளுக்கு அடுத்தாற்போல் உட்காரவைத்தார். இனி அவன் அடிக்கிற பெட்டி நேராக அவள் கைக்கு வரும்.

அவள் சொல்லியிருக்கலாம். இவர் ஓடிவந்தவர், நோய் தீரவில்லை என்று ஒரு வார்த்தை. சொன்னால் அந்த நிமிஷமே அவனை வெளியே அனுப்புவார்கள், மேஜையில் ஒருவர்கூட அவள் பக்கத்திலும் உட்காரமாட்டார்கள். வெளியே போய் அவன் எங்கே படுப்பான்? கட்டில் போய்விட்டது. இவளுக்கு இருக்கிற கூலியும் போனால் இரண்டு பேருமாக எந்த வராந்தாவுக்குப் போவது? யோசிக்க ஒரு நிமிஷம் கிடைத்தால் ஏதாவது வழி தோன்றும் என்று அவளுக்கு இருந்தது. பெட்டி வந்துகொண்டிருந்தது.

"ஏன் வந்த?" என்றாள் அவன் பக்கம் திரும்பாமல், உதடு அசையாமல்.

"நீ வரல. நான் வந்தேன்." அவன் ஆணியை வாயிலிருந்து எடுத்து வைத்து ஒரே அடியில் இறக்கினான். "இனிமே வியாழக்கிழமைக்குக் காத்துக் கெடக்க வேணாம் புள்ள. தெனமும் பக்கத்துலயே இருக்கலாம்."

அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான். அதைத் தாங்குவதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவன் கை பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. வெங்கிடராமன் பின்னால் நின்று தலையாட்டினார். ஒச்சம்மாள் தாளை விரித்து, பசையைத் தடவி, அமுக்கினாள். சுத்தியல் சத்தத்தோடு சத்தமாக இன்னொரு சத்தம் வருவதை அப்போதுதான் கேட்டாள். அவன் இருமலை அடக்கி வைத்திருந்து, சுத்தியல் விழுகிற அதே நொடியில் இருமினான். அடி, இருமல். அடி, இருமல். மேஜையின் அந்தக் கோடிவரைக்கும் சுத்தியல்தான் கேட்டிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் அவளுக்கு இரண்டும் தனித்தனியாகக் கேட்டது.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். வாரக்கணக்காகப் பார்க்காத முகம். முழுதாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்றுதான் திரும்பினாள்.

"ஒச்சு," என்றாள் அந்தப் பக்கத்திலிருந்து அங்கம்மாள், காலியான கையை நீட்டிக்கொண்டு. "பெட்டி."

ஒச்சம்மாள் குனிந்து பெட்டியை இழுத்துக்கொண்டாள்.